கேரியின் ஊகமும் கரிசல் காய்ச்சலும்

சிக்குன்குனியாவும் டெங்குவும் ஆள் மாறாட்டமா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து 1971-இல் டொனால்ட் கேரி ஒரு கட்டுரை எழுதினார். 1779-இல் பட்டாவியாவில் டேவிட் பைலான் பதிவு செய்த கணுக் காய்ச்சலும், 1823-இலும் 1870-இலும் சான்சிபாரில் கிளம்பி இந்தியத் துறைமுகங்களை எட்டிய கொள்ளைக் காய்ச்சல்களும் ஏடுகளில் டெங்கு என்றே ஏறியுள்ளன. கேரியின் முடிபுப்படி அவை சிக்குன்குனியா. அவர் பெரிதும் நம்பியது இரண்டை: மூட்டைப் பிடித்த வலி, ஊரை ஒரே வீச்சில் படுக்கப்போட்ட வேகம். இந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் கோவில்பட்டிச் சீமையின் பழைய 'விஷக் காய்ச்சல்' ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துவிடலாம். அப்படி வைக்கக் கூடாது என்பது என் வாதம்.

மறுப்புக்கு வெளியே தேட வேண்டியதில்லை. கேரி பணியாற்றிய வேலூர் ஆய்வகமே போதும். தென்னிந்தியாவில் 1964-இல் பரவிய கொள்ளைநோய் பற்றி மையர்ஸ், கேரி, ரேச்சல் ரூபன் முதலானோர் 1965-இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பு அதை 'டெங்கு போன்ற காய்ச்சல்' என்கிறது. அதே நோய் பற்றி 1969-இல் கேரி குழுவினர் எழுதியதன் தலைப்போ 'வேலூர் சிக்குன்குனியா' என்கிறது; உடன் நிகழ்ந்த டெங்கு பற்றிய அவதானிப்புகளும் உண்டு என்று அதிலேயே ஒரு பின்னொட்டு. 'டெங்கு போன்ற' என்ற சொல்லில் இருப்பது கட்டிலருகே நின்ற மருத்துவரின் பார்வை. இரண்டாவது தலைப்பில் இருப்பது ஆய்வகத்தின் தீர்ப்பு.

அந்தத் தீர்ப்புக்கு இரண்டு வழிகள் இருந்தன. காய்ச்சல் கண்ட முதல் சில நாள்களில் எடுத்த இரத்தத்தைப் பால்குடி எலிக்குஞ்சின் மூளையில் செலுத்தி வைரஸை வளர்த்துப் பிடிப்பது ஒன்று. காய்ச்சலின்போது ஒரு முறையும் சில வாரம் கழித்து மறுமுறையும் சீரம் எடுத்து, எதிர்ப்பொருள் நான்கு மடங்கு ஏறியதா என்று பார்ப்பது மற்றொன்று. ஒரே ஊரில், ஒரே பருவத்தில், ஒரே ஏடிஸ் கொசுவின் வழியே இரண்டு வைரஸ்கள் உலவியது இப்படித்தான் துலங்கியது. கண்ணெதிரே கிடந்த நோயாளியிடமே ஆய்வகத் துணை தேவைப்பட்டது என்றால், நூறாண்டுக்கு முந்தைய மருத்துவரின் வருணனையை வைத்து எப்படித் தீர்ப்பது? இந்த இடத்தில் 1971-இன் கேரிக்கு 1969-இன் கேரியே எதிர்சாட்சி.

அவர் பக்கமும் நியாயம் உண்டு. 2006-இல் சிக்குன்குனியா பரவியபோது மாதக்கணக்கில் விரல் மடக்க முடியாமல் கிடந்தவர்களைப் பார்த்தவர் யாரும் மூட்டுவலி அடையாளத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அவ்வாண்டில் நாடெங்கும் சந்தேகக் கணக்கில் வந்தோர் சுமார் 13.9 லட்சம் பேர். சோதனையில் உறுதியானோர் ஓரிரு ஆயிரமே. எஞ்சிய கூட்டத்தில் டெங்கு எவ்வளவு கலந்திருந்தது என்பதற்கு அறிகுறியிடம் பதில் இல்லை.

சோதனைகளும் ஒரே தரத்தவை அல்ல. டெங்குவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் ஒரே வைரஸ் குடும்பம். அதனால் பழைய சிவப்பணுத் திரட்சித் தடுப்புச் சோதனையில் ஒன்றின் எதிர்ப்பொருள் மற்றதாகக் காட்டிவிடும். சிக்குன்குனியா வேறு குடும்பம் என்பதால் அந்தக் குழப்பம் அதற்கு இல்லை. ஆகவே அக்காலத்துச் சீரப் பதிவுகளில் சிக்குன்குனியா என்ற முடிவை நம்பும் அளவுக்கு டெங்கு என்ற முடிவை நான் நம்பமாட்டேன்.

இனி கரிசலுக்கு வருவோம். 1964 நோய்க்கு வழக்கமாகச் சொல்லப்படும் ஊர்கள் சென்னை, வேலூர், புதுச்சேரி. கோவில்பட்டிக்கு அதில் இடமில்லை. இதை நோயின்மைக்குச் சான்றாகக் கொள்வதை ஏற்க மாட்டேன். குடத்திலும் சிமெண்டுத் தொட்டியிலும் நாள்கணக்கில் நீரைத் தேக்கிவைத்தே வாழ்ந்த மண் இது. ஏடிஸ் முட்டையிட மழைகூட வேண்டியதில்லை. ஆனால் வைரஸைப் பிடிக்க அன்று இரத்தம் குளிர் குறையாமல் வேலூர் போய்ச் சேர வேண்டியிருந்தது. சான்று மெலிவுதான், ஆயினும் தொலைவு உண்டாக்கிய மௌனம் என்றே இதை வாசிக்கத் தோன்றுகிறது. தூத்துக்குடி மாவட்டம் பிரிந்ததே 1986-இல் என்பதால், அதற்கு முந்தைய கோவில்பட்டிக் கணக்கு நெல்லைக் கணக்குக்குள் கரைந்து கிடக்கிறது.

2006-க்குப் பின் நிலைமை வேறு. அவ்வாண்டு இந்தியாவில் பரவிய வைரஸின் மரபணு வரிசை ஆப்பிரிக்க வகை என்று காட்டியது. 1964-இல் இருந்ததோ ஆசிய வகை. பல ஆண்டு உறங்கிய வைரஸ் விழித்தது என்ற பேச்சு அதோடு பொய்த்தது. எதிர்ப்பொருளை மட்டும் அளந்திருந்தால் இது தெரிந்திருக்காது. 2012-இல் நெல்லைச் சீமையில் டெங்கு மூண்டபோது, முதல் ஐந்து நாளுக்கு வைரஸ் புரதத்தைத் தேடும் என்எஸ்1 எலைசா, அதன்பின் புது எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம் எலைசா என்ற சோதனை முறை வந்துவிட்டது. ஆகவே அந்த எண்களை முந்தைய எண்களோடு நேரடியாக ஒப்பிட்டு 'டெங்கு பெருகியது' என்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. பெருகியதில் ஒரு பங்கு சோதனையுடையது.

அப்படியானால் கரிசலுக்குச் சிக்குன்குனியா முதலில் வந்தது எப்போது? தேதி முடிவாகவில்லை. 1990-களில் கொல்கத்தாவில் நடந்த சீர ஆய்வில் எதிர்ப்பொருள் மூத்தவர்களிடமே இருந்தது, இளையோரிடம் இல்லை. 1960-களின் தடம் அது. அதே வழியை இன்று இங்கே கையாண்டால் பயன் குறைவு. 2006-இல் காய்ச்சல் கண்டவரிடமும் 1964-இல் கண்டவரிடமும் நெடுநாள் தங்கும் ஐஜிஜி எதிர்ப்பொருள் ஒன்றுபோலவே காட்டும். 2006-க்கு முன் எடுத்து உறையவைத்த சீரம் ஏதேனும் தென்மாவட்டக் குளிர்ப்பெட்டியில் மிஞ்சியிருந்தால் மட்டுமே இந்த வழக்கை மீண்டும் விசாரிக்க முடியும்.