கோழிப் பாதச் சீழ்க்கட்டி

வளர்ப்புக் கோழியின் உள்ளங்காலில் வரும் கடும் தொற்று. பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியால் வருவது. பெட்டாலிங் ஜெயாவின் சுங்கை வே போன்ற இடங்களில், ஈரமான சிமெண்டுத் தரையில் உலவும் கோழிக்குச் சிறு கீறலே போதும். காலைத் தூக்கிப் பார்த்தால் வீக்கத்தின் நடுவே கறுத்த பொருக்கு தெரியும். கோழியின் சீழ் தண்ணீராக வடிவதில்லை, பனீர்போல் இறுகிவிடும். மருந்து அதனுள் எளிதில் புகாது. ஆகவே கால்நடை மருத்துவர் பாதத்தை மரத்துப்போகச் செய்து, கட்டியை எடுத்து, புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டு, நுண்ணுயிர்க்கொல்லி தருவார். வீட்டிலேயே பிளேடால் கீறுவது கொடுமை. கவனிக்காமல் விட்டால் தொற்று மூட்டுக்கும் எலும்புக்கும் இறங்கும். கோழியைக் கொண்டுபோய்க் காட்ட, செர்டாங்கில் மலேசியப் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை உண்டு. மருந்து கொடுக்கும் நாள்களிலும், அதன்பின் மருத்துவர் சொல்லும் கெடு முடியும்வரையும் முட்டையை உண்ணாதீர்கள்.