சின்ன வண்டு சொல்லும் பாடம்

முன்பு நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்கள் பலவற்றில் தொழிலாளர்கள் மரம் மரமாகச் சென்று, பெண்பூக்களில் மகரந்தத்தைக் கையால் தூவினார்கள். தூவாவிட்டால் காய் சரியாகப் பிடிக்காது. ஆப்பிரிக்காவில் மட்டும் தானாகவே காய்ப்பது ஏன்? தோட்டத் துறையைச் சேர்ந்த லெஸ்லி டேவிட்சன் இக்கேள்வியை எழுப்பினார். பூச்சியியல் அறிஞர் ரகுமான் சையத் கேமரூனில் ஆராய்ந்து, ஒரு சிறு கூன்வண்டே மகரந்தம் சுமக்கிறது என்று கண்டார். மற்றப் பயிர்களுக்குத் தீங்கில்லை என்று சோதித்தபின், 1981-இல் நம் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் அதைப் பறக்கவிட்டார்கள். நாட்டின் எண்ணெய் உற்பத்தி பெருகியது. ஆனால் மகரந்தம் தூவிய கைகளுக்கு அந்த வேலை இல்லாமற் போயிற்று. நாட்டை உயர்த்தும் அறிவு நம் வீட்டிலும் வளர வேண்டாமா? பெற்றோரே, பிள்ளை "ஏன்?" என்று கேட்டால் அதட்டாதீர்கள், பள்ளிக்கு அனுப்புங்கள், தொழில்நுட்பமும் கற்கட்டும்.