ரொட்டி இல்லாத குளிர்காலம்

1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினியில் கிடந்தது. ஜெர்மானிய ஆக்கிரமிப்பாளர்கள் உணவு வரத்தைத் தடுத்திருந்தனர். மக்கள் துலிப் கிழங்கைத் தின்று உயிர் வளர்த்தனர். ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். அந்தப் பஞ்சத்தில் ஒருவகை நோயாளிக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள், போர் முடிந்து ரொட்டி திரும்பியதும் மீண்டும் நலிந்தார்கள், அதைக் கண்ட மருத்துவர் வில்லெம் டிக்கே கோதுமையே சீலியாக் நோயின் காரணம் என்று கண்டுகொண்டார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை.

கதை பொய்யல்ல; ஆனால் பாதிதான். தி ஹேக் நகரின் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய டிக்கே, கோதுமையை 1930களிலேயே ஐயுற்றிருந்தார். ரொட்டியை நிறுத்தினால் தன் குழந்தை தேறுவதாக ஒரு தாய் சொன்னதே அதற்குத் தூண்டுதல் என்பர். ரொட்டி விலக்கிய உணவுமுறையைப் பற்றி அவர் எழுதியது 1941இல். பஞ்சம் அவருக்கு விடையைத் தரவில்லை; கையிலிருந்த விடையை உறுதிசெய்தது.

அவருக்கு முன்னோர் விடையின் அருகில் வந்தும் தவறவிட்டனர். லண்டனில் சாமுவேல் ஜீ, இந்நோய் தீருமானால் உணவால்தான் தீரும் என்று 1888இல் எழுதினார். ஆனால் மெல்லியதாக வெட்டிச் சுட்ட ரொட்டியை அனுமதித்தார். அமெரிக்காவின் சிட்னி ஹாஸ் 1924இல் ரொட்டியை விலக்கி வாழைப்பழம் கொடுத்தார். குழந்தைகள் பிழைத்தனர், புகழ் வாழைப்பழத்துக்குப் போயிற்று. தலைமுறைகளாக உயிர் காத்த உணவே குற்றவாளியாக இருக்கக்கூடும் என்று எண்ண எளிதில் மனம் வருமா?

1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் டிக்கே தம் ஆய்வேட்டை அளித்தார். அடுத்த சில ஆண்டுகளில் குற்றவாளி கோதுமையின் குளூட்டன் புரதம் என்பது தெளிவாயிற்று. இந்நோய் உடையவர்களின் நோயெதிர்ப்பாற்றல் அதைக் கண்டு கிளர்ந்து, சத்தை உறிஞ்சும் சிறுகுடலின் நுண்விரல்களைச் சிதைக்கிறது. வயிறு நிறைய உண்டாலும் உடல் பட்டினி கிடக்கும்.

இன்றும் இதற்கு மருந்தில்லை. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றை வாழ்நாள் முழுவதும் விலக்குவதே வழி. அந்த வழியைத் திறந்ததில் பஞ்சத்துக்குப் பங்குண்டு. ஆயினும் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, பெயர் தெரியாத ஒரு தாய் தன் குழந்தையை உற்றுப் பார்த்திருக்கிறாள்; ஒரு மருத்துவர் அவள் சொல்லைத் தள்ளிவிடாமல் கேட்டிருக்கிறார். பஞ்சத்தின் கதையைச் சொல்லும்போது அவளையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.