கடலில் தூண்டில் போடும் முன்: பருவமும் சட்டமும்

விடுமுறை வந்தால் தூண்டிலோடு கடலோரம் கிளம்புவோர் தோட்டப்புறத்திலும் பட்டணத்திலும் நிறைய உண்டு. ஆற்றிலும் ஈயச் சுரங்கக் குட்டையிலும் மீன் பிடித்துப் பழகியவர்கள், கடலுக்குப் பருவமும் வேறு, சட்டமும் வேறு என்பதை அறிந்திருப்பது நல்லது. தீபகற்ப மலேசியாவில் ஆற்று மீன்பிடிப்பு மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளது. கடலும் கழிமுகமும் கூட்டரசின் கையில். அங்கு 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டமே அடிப்படை.

எந்த மாதம், எந்தக் கரை?

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். கிளந்தான், திரெங்கானு, பகாங், ஜொகூரின் கிழக்குக் கரை ஆகிய இடங்களில் கடல் கொந்தளிக்கும். படகில் போக உகந்த காலம் அல்ல. பாறை, அலைத்தடுப்புக் கற்கள்மேல் நின்று தூண்டில் போடுவதும் ஆபத்து. ஏப்ரலில் கடல் அடங்கியதும் திரெங்கானுவில் கணவாய்த் தூண்டில், அதாவது 'சண்டாட் சோத்தோங்' களைகட்டும். விளக்கொளிக்குக் கணவாய் கூடுவதால், நிலா இல்லாத இரவுகளே அதற்கு ஏற்றவை.

மேற்குக் கரைக்குச் சுமத்ரா தீவு அரணாக இருப்பதால் அங்கு ஆண்டு முழுவதும் தூண்டில் போடலாம். ஆனாலும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் விடியற்காலையில் திடீரென வீசும் சுமத்ரா சூறைக்காற்றுச் சிறு படகுகளைக் கவிழ்த்துவிடும்.

மெட்மலேசியாவின் கடல் எச்சரிக்கையில் முதல் பிரிவு என்றால் காற்று மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர், அலை 3.5 மீட்டர் வரை. சிறு படகுக்கு அதுவே ஆபத்து.

கடற்பூங்காவில் தூண்டில் கூடாது

பாயார், ரெடாங், பெர்ஹெந்தியான், தியோமான், ஜொகூரின் சிபு, ஆவுர் உள்ளிட்ட தீவுகளைச் சுற்றி 2 கடல் மைல், அதாவது சுமார் 3.7 கிலோமீட்டர் வரை கடற்பூங்கா. காப்பாஸ் தீவுக்கு மட்டும் 1 கடல் மைல். அனுமதியின்றி இந்த எல்லைக்குள் ஒரே ஒரு தூண்டில் போட்டாலும் குற்றம். 20,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பவளப்பாறையில்தான் மீன்குஞ்சுகள் வளர்கின்றன. அங்கு வளர்ந்த மீன்களே வெளியே வந்து மற்றவர் தூண்டிலிலும் சிக்குகின்றன.

சிக்கினாலும் விட வேண்டியவை

அழியும் நிலையிலுள்ள மீனினங்களைக் காக்கும் 1999ஆம் ஆண்டு விதிகளின் கீழ் கடற்பசு, ஓங்கில், திமிங்கலம், திமிங்கலச் சுறா, ராட்சதச் சிப்பி ஆகியவற்றைப் பிடிக்கக் கூடாது. 2019இல் இந்தப் பட்டியல் நீண்டது. மூன்று வகைக் கொம்பன் சுறாக்கள், பெருங்கடல் வெண்முனைச் சுறா, இரு வகை யானைத் திருக்கைகள் ஆகியவை சேர்க்கப்பட்டன. முன்பு படம் எடுத்து மகிழ்ந்த மீன் இன்று வழக்கில் கொண்டுபோய் விடலாம்.

ஆமையோ கடற்பாலூட்டியோ தற்செயலாகச் சிக்கி உயிரோடு இருந்தால் உடனே விட்டுவிட வேண்டும். இறந்திருந்தால் மீன்வள அதிகாரியிடம் தெரிவித்து, அவர் சொல்படி நடக்க வேண்டும். வெடி, விஷம், மின்சாரம் வைத்து மீன் பிடிப்பது எங்கும் தடை.

கிளம்பும் முன்

வாடகைப் படகு எடுப்போர் கடற்பூங்கா எல்லையைப் படகோட்டியிடம் கேட்டுத் தெளிவு பெறலாம். உயிர்காப்பு அங்கி ஆளுக்கு ஒன்று இருக்கிறதா என எண்ணிப் பார்க்கவும். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என வீட்டில் சொல்லிவிட்டுப் போவது, தேட வேண்டிய நிலை வந்தால் உயிரைக் காக்கும். அவசர எண் 999.