வீட்டைப் பார்க்க வருகிறார்கள்

தத்து கேட்டுப் பதிவு செய்தவர்களின் வீட்டுக்கு ஒரு சோஷியல் ஒர்க்கர் நேரில் வந்து, எல்லோரிடமும் பேசி, ஓர் அறிக்கை எழுதுவார். ஹோம் ஸ்டடி என்கிறார்கள். நானும் மனைவியும் இங்கே நாக்பூரில் இப்போது அதற்குத்தான் தயாராகிக் கொண்டிருக்கிறோம். பேங்க்காரனான எனக்கு இது விநோதமாகத் தெரியவில்லை. வீட்டுக் கடன் கேட்பவரின் சம்பளம், வீடு எல்லாம் பார்த்துவிட்டுத்தானே சாங்ஷன் செய்கிறோம்! ஊரில் சொன்னால்தான், "ஸ்வீகாரம் எடுக்கறதுக்கு யாரோ வந்து வீட்டைச் சோதனை போடறதாவது?" என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நம் நாட்டில் தத்து மிகப் பழையது, இந்தச் சோதனை மிகவும் புதியது.

பழைய தத்து எடுப்பவருக்காக ஏற்பட்டது. கொள்ளி வைக்க, பிண்டம் போட, சொத்தை ஆள ஒரு மகன் வேண்டும். அதனால் வந்த சண்டைகளும் சொத்துச் சண்டைகள்தான். நான் குடியிருக்கும் இந்த நாக்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். போன்ஸ்லே ராஜா 1853ல் மகன் இல்லாமல் இறந்தார். வாரிசு இல்லை என்று சொல்லி டல்ஹவுசி 1854ல் ராஜ்யத்தையே கம்பெனிக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். ஜான்சியில் தத்துப்பிள்ளை இருந்தும் அதே வருடம் அதே கதி.

நம் பக்கத்தில் ராமநாதபுரம் வழக்கு பிரபலம். சேதுபதியின் விதவை ராணி எடுத்த தத்து செல்லுமா என்று மதுரைக் கலெக்டர் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார். கணவர் அனுமதி தராமல் போயிருந்தாலும், பங்காளிகள் சம்மதித்தால் விதவை தத்தெடுக்கலாம், திராவிட தேசத்து வழக்கம் அதுதான் என்று 1868ல் தீர்ப்பு வந்தது. கணவர் அனுமதி, பங்காளி சம்மதம், சர்க்கார் உரிமை எல்லாம் அலசினார்கள். அந்தப் பையன் எப்படிப்பட்ட வீட்டுக்குப் போகிறான் என்பது வழக்கில் ஒரு கேள்வியே இல்லை.

1956ல் இந்து தத்தெடுப்புச் சட்டம் வந்தது. பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம், பெண்ணும் தன் பெயரில் தத்தெடுக்கலாம் என்றது. பெரிய மாற்றம்தான். ஆனால் பெற்றவர்களே கொடுத்தால் கோர்ட் கூட வேண்டாம், வீட்டை யாரும் வந்து பார்க்க வேண்டாம். முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சிகளுக்கு அதுவும் கிடையாது. 1890ஆம் வருடத்துச் சட்டப்படி கார்டியன் ஆகலாம், அவ்வளவே.

வீட்டைப் பார்க்கும் பேச்சு இங்கே பலமாக அடிபட்டது வெளிநாட்டாரை முன்னிட்டுத்தான். குழந்தைகளை வெளிநாட்டுக்குத் தத்து அனுப்புவதில் நடக்கும் முறைகேடுகள் பற்றி லட்சுமிகாந்த் பாண்டே என்ற வக்கீல் 1982ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். கோர்ட் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது. 1984 பிப்ரவரியில் நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பில், எடுப்பவரின் ஹோம் ஸ்டடி அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு நீண்ட பட்டியலே இருக்கிறது. புருஷன் பெண்டாட்டி உறவு, உடம்பு, வருமானம், குழந்தைக்கு இடம், பள்ளிக்கூட வசதி, ஏன் தத்தெடுக்கிறீர்கள்... இப்படிப் போகிறது. அதில் தாத்தா பாட்டி இந்தத் தத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதும் ஒன்று. சட்டம் தெரிந்தவர்கள் எழுதிய பட்டியலில் பாட்டிக்கு இடம் கொடுத்திருக்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியம்.

1990ல் டெல்லியில் காரா ஏற்பட்டது. 2000ஆம் வருடத்துச் சிறார் நீதிச் சட்டம், அநாதையாக அல்லது கைவிடப்பட்ட குழந்தைகளுக்குத் தத்து வழியைத் திறந்தது. எந்த மதத்தவரும் அந்தச் சட்டப்படி எடுக்கலாம் என்பதை 2014ல் சுப்ரீம் கோர்ட் தெளிவாக்கியது. 2015ஆம் வருடத்துச் சட்டத்தில், உள்நாட்டுப் பெற்றோருக்கும் ஹோம் ஸ்டடி அறிக்கை தயாரிக்க வேண்டும் என்று சட்டப் பிரிவிலேயே எழுதிவிட்டார்கள். 2022 செப்டம்பரிலிருந்து கடைசி உத்தரவு போடுவது கோர்ட் இல்லை, மாவட்ட மாஜிஸ்ட்ரேட்.

இதைப் படித்த பிறகு எங்கள் தயாரிப்பு கொஞ்சம் மாறிவிட்டது. பெயிண்ட் அடிக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம், விட்டுவிட்டோம். திருமணச் சான்றிதழ், பான் கார்டு, டாக்டர் சர்டிபிகேட், சம்பளச் சான்று எல்லாம் ஃபைலில் ரெடி. ஃபைல் போடுவது நமக்குக் கை வந்த கலை. பாக்கி இருப்பது அம்மா. "எடுக்கறதுன்னா சொந்தத்திலேயே ஒரு பையனை எடேன்" என்பது அவர் கட்சி. போனில் நான் என்ன சொன்னாலும் ம் என்று கேட்டுக்கொள்வார், சரி என்று மட்டும் சொல்ல மாட்டார். "வர்ற அம்மா உன்கிட்டயும் பேசுவாங்க, மனசுல இருக்கறதையே சொல்லு, எங்களுக்காகப் பொய் சொல்லாதே" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "எனக்கு ஹிந்தி வராதேடா" என்றார்.

வியாழக்கிழமை ஜி.டி. எக்ஸ்பிரஸில் வருகிறார்.