பேச்சே மருந்தாகும்போது: வேலந்தாவளத்திலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

கோயம்புத்தூரிலிருந்து சித்தூர் நோக்கிச் செல்லும் பேருந்து வேலந்தாவளத்தில் மாநில எல்லையைக் கடக்கிறது. பெயர்ப்பலகையில் எழுத்து மாறுகிறது. பல வீடுகளில் பேச்சு மாறுவதில்லை. கொச்சி அரசின் பகுதியாயிருந்த சித்தூர், 1949இல் திருவிதாங்கூர்–கொச்சியிலும் 1956 நவம்பர் 1இல் கேரளத்திலும் சேர்ந்தது. தமிழ்நாட்டோடு இணைய வேண்டுமென்று தமிழர் கோரிய தேவிகுளமும் பீர்மேடும் அதே நாளில் கேரளத்தின் பகுதிகளாயின. எல்லைகளின் வரலாற்றை நாம் நிரம்ப எழுதியிருக்கிறோம். அவ்வெல்லைக்கு இப்பால் தமிழில் கவலைப்படும் ஒருவர் எம்மொழியில் ஆறுதல் பெறுவார் என்பதை அதிகம் எழுதியதில்லை. பேச்சையே கருவியாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தை சிகிச்சையின், அதாவது சி.பி.டி.யின் வரலாறு இக்கேள்விக்கு வெளிச்சம் தருகிறது.

இச்சிகிச்சைக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. முதலாவது நடத்தையியல். 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர், முயலைக் கண்டு அஞ்சிய பீட்டர் என்னும் சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டம் கொடுத்துக்கொண்டே முயலைச் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்தார்; அச்சம் தணிந்தது. கற்றுக்கொண்ட அச்சத்தை மறக்கவும் கற்கலாம் என்பது அதன் பாடம். தென்னாப்பிரிக்காவின் ஜோசப் வோல்ப்பே 1958இல் இதனை முறையான சிகிச்சையாக வகுத்து நூலாக்கினார். 1966இல் இலண்டனில் விக்டர் மேயர், எண்ணச் சுழற்சியால் திரும்பத் திரும்பச் சடங்குகளைச் செய்துவந்த நோயாளிகளை, அச்சமூட்டும் சூழலில் இருக்கச் செய்து, சடங்கை மட்டும் தடுத்துப் பார்த்தார். அந்நோய்க்கு இன்றும் கையாளப்படும் முறை அதிலிருந்து வளர்ந்ததே.

இரண்டாவது ஊற்று சிந்தனை பற்றிய ஆய்வு. 1955இல் ஆல்பர்ட் எல்லிஸ், நிகழ்வைவிட அதனைப் பற்றி நாம் கொள்ளும் நம்பிக்கையே நம்மை அலைக்கழிக்கிறது என்ற அடிப்படையில் தம் முறையைத் தொடங்கினார். பிலடெல்பியாவில் ஆரோன் பெக் உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்றவர். மனச்சோர்வு என்பது தன்மேல் திரும்பிய கோபம் என்ற பிராய்டின் கருத்தை மெய்ப்பிக்கவே அவர் நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தார். கிடைத்தவையோ இழப்பும் தோல்வியுமாகவே இருந்தன. தம் கோட்பாட்டிற்கு மாறாக நின்ற சான்றை அவர் ஒதுக்கவில்லை; கோட்பாட்டையே கைவிட்டார். ஆய்வு மாணவர்கள் நினைவிற்கொள்ளத் தக்க இடம் இது. 1977இல் அவர் குழுவினர் இச்சிகிச்சையை இமிப்ரமின் என்னும் மருந்தோடு ஒப்பிட்டு ஆய்வு வெளியிட்டனர்; 1979இல் மனச்சோர்வுக்கான சிகிச்சை நூல் வந்தது.

முறை எளிதில் விளங்கக்கூடியது. வெளியூரிலிருக்கும் மகன் தொலைபேசியை எடுக்கவில்லை என்று கொள்வோம். 'என்னை மறந்துவிட்டான், நான் யாருக்கும் வேண்டாதவள்' என்ற எண்ணம் நொடியில் எழுகிறது. நெஞ்சு கனக்கிறது; அன்று அடுப்பு மூட்ட மனமில்லை; அண்டை வீட்டாரிடம் பேச்சுமில்லை. தனிமை அவ்வெண்ணத்தையே உறுதிசெய்கிறது. சிகிச்சையாளர் இச்சுழலை அவரோடு அமர்ந்து வரைந்து பார்க்கிறார். அவ்வெண்ணத்திற்குச் சான்று என்ன, வேறு விளக்கம் உண்டா, நாளை காலை செய்யக்கூடிய ஒரு சிறு செயல் எது என்று இருவரும் சேர்ந்து தேடுகின்றனர். 'நல்லதையே நினை' என்ற அறிவுரைக்கும் இதற்கும் தொடர்பில்லை. எண்ணத்தைச் சோதித்துப் பார்ப்பதே இங்கு வேலை.

யாருக்கு இது உதவும்? மனச்சோர்வு, திடீர்ப் பீதி, கூட்டத்தைக் கண்டு அஞ்சுதல், குறிப்பிட்ட பொருள்களின் மீதான அச்சம், எண்ணச் சுழற்சி நோய், பேரதிர்ச்சிக்குப் பின் தொடரும் துன்பம் ஆகியவற்றிற்கு வலுவான சான்றுகள் உள்ளன. நெடுநாள் தூக்கமின்மைக்கு இதனையே முதலில் தர வேண்டுமென அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. மனச்சிதைவு, இருதுருவ நோய் ஆகியவற்றில் மருந்தே முதன்மை; இது துணை நிற்கும். மற்றொரு வரம்பையும் சொல்ல வேண்டும். கூலி கிடைக்காதவரின் கவலையைச் சிந்தனைப் பிழை என்பது மருத்துவமாகாது. அவருக்கு முதலில் வேண்டுவது கூலி. அதைப் பெறும் வழிகளை ஒழுங்காக எண்ணிப் பார்க்க இச்சிகிச்சை உதவலாம், அவ்வளவே.

நமக்கு மிக நெருக்கமான அத்தியாயம் தெற்காசியாவில் எழுதப்பட்டது. பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டச் சிற்றூர்களில் அதிஃப் ரஹ்மான் குழுவினர் நடத்திய ஆய்வு 2008இல் வெளியானது. மனச்சோர்வுற்ற 903 கர்ப்பிணிகள் அதில் பங்கேற்றனர். சிகிச்சை தந்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். வீடுவீடாகச் செல்லும் உள்ளூர்ப் பெண் சுகாதாரப் பணியாளர்கள். நோயின் பெயரைச் சொல்லாமல், குழந்தையின் நலத்தை முன்வைத்து, படங்களின் துணையோடு, 16 முறை பேசினர். குழந்தைக்கு ஆறு மாதமானபோது, இவ்வுதவி பெற்றோரில் 23 விழுக்காட்டினரிடமே மனச்சோர்வு எஞ்சியிருந்தது, சி.பி.டி. இல்லாத வழக்கமான வருகைகளை மட்டும் பெற்றோரிடம் அது 53 விழுக்காடு.

கோவாவின் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் விக்ரம் படேல் குழுவினர் செய்த ஆய்வு 2017இல் வந்தது. கடும் மனச்சோர்வு கொண்ட 495 பேரில் ஒரு பாதியினருக்கு, குறுகிய பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகள் அளித்தனர். சி.பி.டி. குடும்பத்தைச் சேர்ந்த, செயலைத் தூண்டும் முறை அது. மூன்று மாதத்தில் அவர்களுள் 64 விழுக்காட்டினர் தேறினர். மற்றோரில் 39 விழுக்காட்டினர்.

இரண்டு ஆய்வுகளும் காட்டுவது ஒன்றே. பயிற்சியும் மேற்பார்வையும் இருந்தால், பட்டத்தைவிட நோயாளியின் பேச்சை அறிந்திருத்தல் பெரிதாகிறது. மாத்திரைக்கு மொழி வேண்டாம். நொடியில் எழும் எண்ணமோ தாய்மொழியில் எழுகிறது. 'மனசே சரியில்ல', 'நெஞ்சு படபடங்குது', 'ஒண்ணும் ஓடல' என்பவற்றை மொழிபெயர்த்துச் சொல்லும் கணத்திலேயே சோதிக்க வேண்டிய எண்ணம் கைநழுவிப்போகிறது.

2015–16 தேசிய மனநல ஆய்வு தமிழகமும் கேரளமும் உட்பட 12 மாநிலங்களில் நடந்தது. மனநோய்களில் சிகிச்சை எட்டாதோர் நோய்க்கேற்ப 70 முதல் 92 விழுக்காடு வரை என அது கணித்தது. எல்லைப்புறத்தில் இத்தொலைவோடு மொழித் தொலைவும் சேர்கிறது. சட்டம் வழி மறிக்கவில்லை: 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது; 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிக்குப் புரியும் மொழியில் தகவல் தர வேண்டும் என்கிறது. ஆயினும் விண்ணப்பம் எழுதும் உரிமை வேறு. அழுகையைச் சொல்லும் உரிமை வேறு. சித்தூரிலும் தேவிகுளத்திலும் வீடுகளை நன்கறிந்த தமிழ் பேசும் ஆஷா பணியாளர்களுக்கு ராவல்பிண்டியில் தந்ததைப் போன்ற பயிற்சி தருவது நடவாத கனவன்று.

மொழியியல், சமூகப்பணி, உளவியல் துறை மாணவர்களுக்கு இங்கே ஓர் ஆய்வுக்களம் காத்திருக்கிறது. எல்லைத் தமிழில் மனத்துயரைக் குறிக்கும் சொற்களைத் தொகுப்பதிலிருந்தே அதனைத் தொடங்கலாம். இதை வாசிப்போரில் எவரேனும் இப்போதே துயரில் இருந்தால், ஆய்வுக்குக் காத்திருக்க வேண்டாம். 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் டெலி மானஸ் 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும், தமிழிலும் மலையாளத்திலும் பேசுகிறது.