ஓடுபாதையும் ஊர்ப்பாதையும்

இரண்டாம் உலகப் போர் விட்டுச்சென்ற எச்சங்களுள் விமான ஓடுபாதைகளும் அடங்கும். 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் யப்பானியத் தாக்குதலுக்குள்ளான திருகோணமலைச் சீனக்குடா, போரின் பின்னரும் விமானத்தளமாகவே நிலைத்தது. களுத்துறையை அடுத்த கட்டுக்குருந்தவில் பிரித்தானியக் கடற்படை பயன்படுத்திய ஓடுபாதையோ மோட்டார்ப் பந்தயக் களமாயிற்று. சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரத்தின் வரலாறும் இத்தகையதே. அமெரிக்காவிலும், நின்ற நிலையிலிருந்து புறப்பட்டுக் கால் மைல் தூரத்தை, அதாவது ஏறத்தாழ 402 மீற்றரை, நேர்கோட்டில் கடக்கும் விரைவோட்டம் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் விமானத் தளங்களிலேயே வளர்ந்தது. கலிபோர்னியாவின் சாந்தா அனா விமான நிலையத்தில் 1950 இல் இவ்வோட்டங்கள் ஒழுங்காக நடைபெறத் தொடங்கின. அடுத்த ஆண்டில் தேசிய ஹொட் ரொட் சங்கம் தோன்றியது.

ஆரம்பகால விரைவோட்டக்காரருட் பலர் தாம் நாள்தோறும் செலுத்திய வண்டியையே களத்திற்கும் கொண்டுவந்தனர். ஆகவே, இயந்திரத்தின் எவ்வுறுப்பை மாற்றுவது என்பது வேகத்தை மட்டும் பற்றிய வினாவாக அமையவில்லை. இரட்டைக் காபுரேற்றர்களைப் பொருத்தினால் இயந்திரம் கூடுதலாகக் காற்றை உள்வாங்கும்; ஆனால் பெற்றோற் செலவும் பெருகும். உருளைத் தலையைச் சீவி அமுக்க விகிதத்தை உயர்த்தினால் வலு கூடும். தரங்குறைந்த பெற்றோலில் அவ்வியந்திரம் தட்டொலி எழுப்பி, ஈற்றில் ஆடுதண்டையே சேதப்படுத்தவுங்கூடும். வால்வுகளை நெடுநேரம் திறந்துவைக்கும் பந்தயக் காம் தண்டு உயர் சுழற்சியில் வலுவைத் தரும். தாழ் சுழற்சியிலோ முறுக்கத்தைக் குறைத்துவிடும்.

இலங்கையின் தெருக்களில் நன்கறியப்பட்ட மினி, மொரிஸ் மைனர் ஆகிய வண்டிகள் இவ்வகையில் ஒப்புநோக்கத்தக்கன. இவ்விரண்டும் ஒரே இயந்திரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. 1961 இல் வெளிவந்த மினி கூப்பரில் 848 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு 997 ஆகவும், 34 குதிரைவலு 55 ஆகவும் உயர்த்தப்பட்டன. கூடவே முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக்கும் பூட்டப்பட்டது. 1962 இல் மொரிஸ் மைனரின் 948 கன சென்ரிமீற்றர் இயந்திரத்திற்குப் பதிலாக 1098 இடம்பெற்றது. 37 குதிரைவலு 48 ஆயிற்று. உச்ச முறுக்கமோ முன்போலவே நிமிடத்திற்கு ஏறத்தாழ 2500 சுழற்சியிற் கிடைத்தது. அங்கும் முன் பிரேக்குகள் பெரிதாக்கப்பட்டன. ஓடும் ஆற்றலைக் கூட்டுவோன் நிற்கும் ஆற்றலையும் கூட்டவேண்டும் என்பதே இவ்விரு மாற்றங்களும் உணர்த்தும் பாடமாகும்.

இலங்கையைப் பொறுத்தவரையில் இத்தெரிவு மேலும் கடினமானது. 1970 தொடக்கம் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடுகளின் கீழ் உதிரிப்பாகங்கள் அருமையாயின. பந்தயத்தில் உடைந்த தண்டு, மறுநாள் வீட்டு வண்டி முடங்குவதற்கும் காரணமாகலாம். இந்நிலையில், 948 இயந்திரமுடைய பழைய மைனருக்கு அதே குடும்பத்து 1098 இயந்திரத்தைத் தேடிப் பொருத்துவது, அயல்நாட்டுப் பந்தய உறுப்பொன்றை நாடுவதிலும் அறிவுடைய செயலாகும்.

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்கு வெருகல் வழியாகச் செல்லும் கரையோரப் பாதையை இங்கு எண்ணிப் பார்த்தல் தகும். பாலங்கள் அமையுமுன், மகாவலியின் கிளையான வெருகலாற்றையும் அதற்கப்பாலுள்ள நீர்நிலைகளையும் வாகனங்கள் பாதைப் படகுகளிலேயே கடந்தன. படகிலிருந்து இறங்கி ஈரமான துறைச்சரிவில் ஏறும் வண்டிக்கு வேண்டுவது தாழ் சுழற்சியிலேயே இழுக்கும் முறுக்கம். உயர் சுழற்சியில் மட்டும் விழித்தெழும் பந்தய இயந்திரம் அத்துறையில் திணறும்.

ஓடுபாதை சில விநாடிகளின் வெற்றியை அளவிடுகின்றது. ஊர்ப்பாதையோ பல்லாண்டு உழைப்பை அளவிடுகின்றது. இரண்டிலும் ஓடவேண்டிய வண்டிக்கு, ஊர்ப்பாதை அனுமதிக்கும் எல்லைக்குள் ஓடுபாதைக்கான வலுவைத் தேடுவதே தக்க தெரிவாகும்.